கோழிக்குஞ்சு கூப்பிடும் வாயில்

ஷின்ஜுகு நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு தூணை ஒட்டி நின்றிருந்தேன். எந்த வண்டியையும் பிடிக்க வேண்டியதில்லை. டிக்கெட் வாயில்களைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தேன். கொரோனாவுக்கு முன்பு, எல்லா ரயில் நிறுவனங்களையும் சேர்த்தால், நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வந்துபோன நிலையம் அது. அத்தனை பேரும் இடுப்புயர இயந்திரங்களுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய சந்துகளில் புகுந்துதான் போக வேண்டும். முண்டியடிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புக் கோட்டுகள், பள்ளிச் சீருடைகள், குடை ஊன்றிய முதியவர்கள் என்று மதகில் நீர் புகுவதுபோல வந்துகொண்டே இருந்தார்கள். கை நீள்கிறது, 'பிப்' என்று ஓர் ஒலி, அடுத்த அடி. யாருடைய நடையும் தளரவில்லை.

சற்று நேரம் கழித்துத்தான் காரணம் கண்ணில் பட்டது. கதவுகள் திறந்தே இருந்தன. சென்னை மெட்ரோவில் கதவு மூடியிருக்கும். அட்டையைக் காட்டினால் திறக்கும். இங்கே நேர்மாறு. வருகிறவர் சரியாகத்தான் வருவார் என்று வைத்துக்கொண்டு வாயில் திறந்து கிடக்கிறது. பணம் போதவில்லை என்றாலோ, அட்டை சரியாகப் படவில்லை என்றாலோ மட்டும் பக்கவாட்டிலிருந்து இரண்டு சிறு பலகைகள் சட்டென்று குறுக்கே வந்து நிற்கும். மற்றபடி அந்தக் கதவுகள் இருப்பதே தெரியாது.

அந்த 'பிப்' ஒலிகளுக்கு நடுவே திடீரென்று வேறொரு சத்தம் கேட்டது. பறவைக் குஞ்சு கீச்சிடுவதுபோல. சுற்றிலும் பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. சில நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டபோது, முதுகில் பெட்டிபோன்ற தோல்பை சுமந்த ஒரு சிறுவன் வாயிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அன்று அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் சட்டைப் பையில் இருந்த அட்டையை நிஷி-கசாயில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கொடுத்திருந்தார். தோக்கியோவின் கிழக்கே, இந்தியக் கணினிப் பொறியாளர் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி அது. தம்பிக்குத் தாம்பரம். "பேர் பதியாத அட்டைண்ணே, யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம்" என்று சொல்லி, மூவாயிரம் யென் ஏற்றித் தந்தார். வெள்ளியும் பச்சையும் கலந்த அட்டை; மூலையில் ஒரு பென்குவின். சகசாக்கி சிஹாரு என்ற ஓவியர் வரைந்தது. சுய்கா என்று பெயர். தங்குதடையில்லாமல் போவதை ஜப்பானியர்கள் 'சுய் சுய்' என்பார்கள். சுய்கா என்றால் தர்பூசணி என்றும் பொருள். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தும் ஒரு விரிவு சொல்கிறார்கள். அதைவிட எனக்கு தர்பூசணிதான் பிடித்திருக்கிறது. குழந்தை வாயில் நுழையும் பெயர்.

அட்டைக்குள் மின்கலம் கிடையாது. வாயிலின் பலகை வீசும் அலையிலிருந்தே அதன் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. சில்லு சோனி நிறுவனத்தின் ஃபெலிகா. அதை முதலில் பெரிய அளவில் புழக்கத்தில் விட்ட ஊர் ஹாங்காங். 1997 செப்டம்பரில் அங்கே ஆக்டோபஸ் அட்டை வந்தது. கிழக்கு ஜப்பான் ரயில்வே 2001 நவம்பர் 18 அன்று தோக்கியோ வட்டாரத்தின் 424 நிலையங்களில் ஒரே நாளில் சுய்காவைத் தொடங்கியது. அதற்கு முன்பு பல வருடங்கள் சோதனையிலேயே கழிந்தன. ஒரு வாயிலில் நிமிடத்துக்கு அறுபது பேர் போக வேண்டும் என்பது கணக்கு. ஆளுக்கு ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியில் அட்டை பலகைக்கு அருகே இருக்கும் நேரம் மிகச் சிறியது. அதற்குள் இது நல்ல அட்டையா, எங்கே ஏறினார், எவ்வளவு பாக்கி, எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பார்த்து, கழித்து, எழுதி முடித்தாக வேண்டும். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட எல்லை 0.2 வினாடி.

வேகத்தைவிட எனக்கு வியப்பளித்தது அந்தப் பலகையின் சாய்வு. முதலில் சோதனைக்கு வைத்த இயந்திரங்களில் பலரால் அட்டையைச் சரியாகக் காட்ட முடியவில்லை. சிலர் அட்டையைச் செங்குத்தாகப் பிடித்தார்கள், சிலர் தொலைவிலேயே வீசிவிட்டுப் போனார்கள், சிலருக்கு எங்கே காட்டுவது என்றே தெரியவில்லை. மக்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்யலாம் என்று விட்டுவிடாமல், யமனாக்கா ஷுன்ஜி என்ற வடிவமைப்பாளரை அழைத்தார்கள். அவர் வெவ்வேறு மாதிரிகளைச் செய்துவைத்து, சாதாரண மனிதர்களை நடக்கவிட்டு, அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கிடைத்தது 13.5 பாகை. பலகை அந்த அளவுக்கு நடப்பவரை நோக்கிச் சாய்ந்திருந்து, சுற்றிலும் ஒளிர்ந்தால், கை தானாக அங்கே போய் ஒரு கணம் தங்குகிறது. தொடாமலே படிக்கக்கூடிய அட்டைதான். ஆனால் 'தொடுங்கள்' என்று சொன்னால்தான் கை அந்தக் கணம் நிற்கிறது என்பதையும் அப்போதே கண்டுகொண்டார்கள். அதனால்தான் வாயில்கள் இன்றைக்கும் தொடச் சொல்கின்றன.

நான் அந்தச் சாய்வின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கூட்டம் ஓய்ந்திருந்த பதினோரு மணி. முன்பின் தெரியாத லட்சோபலட்சம் மணிக்கட்டுகளை மனத்தில் வைத்து ஒருவர் இழைத்த கோணம் அது.

இதே இடத்தில் ஒரு காலத்தில் ஆட்கள் நின்றார்கள். பெட்டிபோன்ற கூண்டுக்குள் நின்று, இடுக்கியால் டிக்கெட்டின் ஓரத்தில் வெட்டுப்போடுவது அவர்கள் வேலை. வெட்டின் வடிவம் நிலையத்துக்கு நிலையம் மாறும். வெட்டைப் பார்த்தே எங்கே ஏறினார் என்று சொல்லிவிடுவார்களாம். டிக்கெட் வராத இடைவெளியிலும் கை நிற்காமல் இடுக்கி காற்றில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த அட்டை டிக்கெட்டை நானும் அறிவேன். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்வண்டியில் சின்ன வயதில் கையில் வைத்திருந்த அதே தடித்த சிறு செவ்வகம். எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த அந்த டிக்கெட் முறை சென்னையையும் தோக்கியோவையும் ஒரே காலத்தில் ஆண்டிருக்கிறது. ஒசாக்கா அருகே கித்தா-சென்ரியில் 1967-லேயே தானியங்கி வாயில்கள் வந்துவிட்டன. தோக்கியோவின் இடுக்கிக்காரர்கள் பெருமளவில் விடைபெற்றது 1990-களில்தான். அந்த முதல் வாயில்கள் காந்தப் பூச்சு டிக்கெட்டை உள்ளே இழுத்து மறுமுனையில் துப்பும். உள்ளே பட்டைகள், உருளைகள், தூசி, ஓயாத பழுதுவேலை. அசையும் உறுப்புகளைக் குறைத்தால் பராமரிப்புச் செலவு குறையும் என்ற கணக்கும் சுய்காவுக்குப் பின்னால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியும் அவர் மனைவியும் எட்டு வயது மகளும் என்னோடு புறப்பட்டார்கள். தோக்கியோ நிலையத்தில் வாயிலைத் தாண்டினோம். எனக்கு 'பிப்'. தம்பிக்கு 'பிப்'. குழந்தை எட்டிப் பலகையைத் தொட்டதும், கீச் கீச். ஷின்ஜுகுவில் கேட்ட அதே குஞ்சுச் சத்தம்.

"மாமா, எனக்கு மட்டும் பியோ பியோன்னு சொல்லும்!" என்றாள். ஜப்பானிய மொழியில் கோழிக்குஞ்சு அப்படித்தான் கத்துமாம். அவளுடையது குழந்தை அட்டை. பெயரும் பிறந்த தேதியும் பதிந்து வாங்குவது, கட்டணம் பாதி. பெரியவர் யாரும் குழந்தை அட்டையைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, நிலைய ஊழியர் காதில் விழும்படி வேறு ஒலி வைத்திருக்கிறார்கள். காவலுக்காக வைக்கும் ஒலிக்கு ஒரு கரகரத்த மணியோசை போதும். அதற்குக் கோழிக்குஞ்சின் குரலைத் தேர்ந்தெடுத்த மனிதர் யார் என்று தெரிந்தால் கைகூப்பியிருப்பேன்.

நீலப் பட்டையிட்ட கேஹின்-தோஹொக்கு வண்டியில் தெற்கே போகும்போது குழந்தையின் அம்மா கைப்பேசியைக் காட்டினார். "இவ தனியா ஸ்கூலுக்குப் போறா அண்ணா. கேட்டைத் தாண்டின உடனே எனக்கு மெசேஜ் வந்துரும். முதல் மாசம் அது வர்ற வரைக்கும் அடுப்புகிட்டயே போக மாட்டேன்." எட்டு வயதுக் குழந்தைகள் தனியாக ரயிலேறும் ஊர் என்பதை நான் படித்திருந்தேன். அந்தச் செய்திக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிம்மதிதான்ணே. ஆனா நாம எங்க ஏறினோம் எங்க இறங்கினோம்னு எல்லாம் எங்கயோ பதிவாகிக்கிட்டே இருக்கு இல்ல?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அட்டையின் சில்லிலேயே கடைசி இருபது பயன்பாடுகள் பதிந்திருக்கும். நிலையத்தின் இயந்திரத்தில் போட்டால் அச்சிட்டே தரும். 2013-ல், பயணிகளின் பெயரை நீக்கிய சுய்கா பயணத் தரவுகளை ரயில் நிறுவனம் ஹிட்டாச்சிக்கு விற்றது தெரியவந்தபோது, எங்களிடம் கேட்டீர்களா என்று மக்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தியது. டிக்கெட்டில் விழுந்த இடுக்கி வெட்டு டிக்கெட்டோடு குப்பைக்குப் போய்விடும். இந்த வெட்டு போவதில்லை. ஒருவர் தினமும் எந்த மருத்துவமனை நிலையத்தில் இறங்குகிறார் என்பது பெயர் இல்லாவிட்டாலும் அவருடைய சொந்த விஷயம்தான். அன்று கொதித்த தோக்கியோ மக்களின் பக்கம்தான் நானும் நிற்பேன்.

சுருமியில் இறங்கி, மூன்று பெட்டி மட்டுமே உள்ள கிளைப்பாதை வண்டிக்கு மாறினோம். தொழிற்சாலைகளுக்காகக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின் மேல் ஓடும் பாதை இது. அசானோ என்ற நிலையம், அந்தத் தூர்ப்பு வேலையை முன்னின்று நடத்திய சிமெண்ட் தொழிலதிபர் அசானோ சோஇச்சிரோவின் பெயர் தாங்கியது. அதற்கு முன்பே வருகிறது கொக்குதோ. 1930-ல் கட்டிய நிலையம். பாதைக்கு அடியில் வளைந்த இருண்ட நடை, சுவரில் போர்க்கால விமானங்கள் சுட்ட குண்டுத் தழும்புகள். வண்டி நின்ற அரை நிமிடத்தில் எட்டிப் பார்த்ததோடு சரி. இன்னொரு நாள் அதற்கென்றே வர வேண்டும்.

இந்தப் பாதையில் சுருமியைத் தவிர எந்த நிலையத்திலும் ஊழியர் கிடையாது. வாயிலும் கிடையாது. நடைமேடை முடியும் இடத்தில் இரண்டு கம்பங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பலகை. ஒன்று உள்ளே வருபவருக்கு, மற்றது வெளியே போகிறவருக்கு. தடுக்கும் பலகை இல்லை, பார்க்கும் கண் இல்லை. தொடாமல் நடந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நாங்கள் வண்டிக்குள்ளிருந்து பார்த்த ஒரு நிலையத்தில், வேலை முடிந்த ஒரு நடுவயதுத் தொழிலாளி மட்டும் இறங்கினார். சுற்றிலும் ஓர் ஈ காக்கை இல்லை. கம்பத்தருகே நின்றார், பையைத் துழாவி அட்டையை எடுத்தார், தொட்டார், போனார். 2022 வரை சுருமி நிலையத்திலேயே இந்தக் கிளைப்பாதைக்கென்று தனியாக இடைவாயில் வைத்திருந்தார்கள். ஆளில்லாத நிலையங்களை அங்கே நின்று காவல் காத்த வாயில் அது. இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

உமி-ஷிபௌரா கடைசி நிலையம். வண்டியிலிருந்து கால்வைத்ததும் நேரே கீழே தண்ணீர். நடைமேடையின் வேலிக்கு அப்புறம் கால்வாய், அதற்கு அப்புறம் துறைமுகப் பாலத்தின் கம்பிகள், உப்புக்காற்று, கடற்காகங்கள். இங்கிருந்து வெளியே போக ஒரே வழிதான் உண்டு. அது தோஷிபா தொழிற்சாலையின் வாசல். அங்கே வேலை செய்பவராக இல்லாவிட்டால் நிலையத்தை விட்டு வெளியேற முடியாது. 1940-ல் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் திறந்த நிலையம். ஆனாலும் கடலைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால், தோஷிபாவே 1995-ல் நடைமேடையை ஒட்டி ஒல்லியான ஒரு பூங்காவை அமைத்துக் கொடுத்தது. நாலைந்து பெஞ்சுகள், கொஞ்சம் செடிகள். பூங்காவின் வாயருகே அதே இரு கம்பங்கள்.

குழந்தை ஓடிப்போய் அட்டையைத் தொட்டாள். ஊருக்குள் எங்கும் போக முடியாத ஓர் இடத்தில், கடல் பார்ப்பதற்காக மட்டும், முறைப்படி பயணத்தை முடித்தாள். நாங்களும் ஒவ்வொருவராகத் தொட்டோம்.

அடுத்த வண்டிக்கு வெகுநேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் வண்டிகள் குறைவு. அம்மா எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்தார். தம்பி தன் தொழில்முறையில் அட்டையை அலசத் தொடங்கினார். "ஒவ்வொரு தடவையும் தலைமைக் கணினியைக் கேட்டுட்டுத்தான் விடணும்னா, ஷின்ஜுகுல வரிசை ரோடு வரைக்கும் நிக்கும்ணே. அதான் முடிவெடுக்குற பொறுப்பை வாயில்கிட்டயே விட்டுட்டாங்க. பாக்கி அட்டையிலயே இருக்கு. கணக்கு அப்புறம் நிதானமா மேல போய்ச் சேரும். நடுவுல லைன் அறுந்தாலும் ஜனங்க நிக்க வேண்டாம்." வங்கி அட்டையை நேரடியாகத் தொட்டுப் போகும் முறை இதிலிருந்து வேறானது. லண்டன் 2014-ல் தன் சுரங்க ரயில் முழுவதும் அதைக் கொண்டுவந்தது. அங்கே அட்டையில் பணம் இருக்காது. நாள் முழுக்கத் தொட்டதையெல்லாம் பின்னால் ஒரு கணினி கோத்து, கட்டணம் போட்டு, வங்கிக்கு அனுப்பும். வெளியூர்க்காரர் இறங்கியவுடன் பயணம் செய்யலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் வாயிலில் அது எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் கூடுதல், அரை வினாடி அளவு. அரை வினாடியெல்லாம் ஒரு விஷயமா என்று ஊரில் இருந்தபோது கேட்டிருப்பேன். அந்தத் தூணருகே நின்று பார்த்த பிறகு கேட்க மாட்டேன்.

முந்தின வாரம் நான் மிஷிமாவுக்குப் போய்வந்ததைச் சொன்னேன். தோக்கியோவிலிருந்து மேற்கே போகும் பாதையில் அத்தாமி ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு. அதுவரை கிழக்கு ஜப்பான் ரயில்வே, அதற்கப்புறம் மத்திய ஜப்பான் ரயில்வே. தண்டவாளம் ஒன்றுதான், சில வண்டிகள் நேராகவே போகின்றன. ஆனால் இந்தப் பக்கம் தொட்டு ஏறி அந்தப் பக்கம் தொட்டு இறங்க முடியாது. சீசன் அட்டைக்காரர்களுக்கு மட்டும் 2021 முதல் சில சலுகைகள் உண்டு. 2013 மார்ச் 23 முதல் நாட்டின் பத்து அட்டைகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன. வடக்கே ஹொக்கைதோவில் கித்தாகா, ஒசாக்காவில் இகோகா, கியூஷுவில் சுகோகா. இகோகா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'போலாமா?' என்று பொருள். எந்த அட்டையும் எந்த வட்டாரத்திலும் செல்லும். ஒரு வட்டாரத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கத்தான் கூடாது. நிலையத்தின் கண்ணாடி அறையில் இருந்த பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். அவர் வரைபடத்தில் அத்தாமியை விரலால் தொட்டுக் காட்டி, வெளியே போய்த் திரும்பி வரச் சொல்லி இரு விரல்களை நடக்கவைத்தார். அப்படியே அத்தாமியில் இறங்கி, வாயிலைத் தாண்டி, திரும்பித் தாண்டி, அடுத்த வண்டியில் போனேன். விசாரிக்காமல் போகும் முதியவர்கள் மறுமுனையில் நின்று ரொக்கம் கட்டி, அட்டைப் பதிவை நீக்கச் சீட்டு வாங்கி அலைய வேண்டியிருக்கும். நடையைத் தடுக்காதிருக்க இத்தனை பாடுபட்ட நாட்டில், இரண்டு நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்துக்கு நடுவே மனிதரை இறக்கி விடுவது எனக்கு வருத்தமாக இருந்தது.

சிறு ஊர்களின் வருத்தம் வேறு மாதிரி. குமமோத்தோ வட்டாரத்தில் ஐந்து பேருந்து, ரயில் நிறுவனங்கள், இயந்திரங்களைப் புதுப்பிக்கும் செலவு தாங்காமல் 2024 நவம்பரில் இந்த நாடுதழுவிய அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன. 0.2 வினாடிக்காகச் செய்த இயந்திரம் விலை கூடியது. ஷின்ஜுகுவுக்கு அந்த வேகம் உயிர். நாளைக்குச் சில நூறு பேர் ஏறும் வழித்தடத்துக்கு அது பாரம். அவர்கள் வங்கி அட்டையின் பக்கம் திரும்பியதில் தவறு காண என்னால் முடியவில்லை.

வெயில் சாய்ந்து கால்வாய் செம்பு நிறமானது. குழந்தை வேலியைப் பிடித்துக்கொண்டு மீன் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா பொட்டலக் காகிதங்களை மடித்தபடி, "இந்தக் குருவிச் சத்தம் எத்தனை வருஷத்துக்குன்னு தெரியுமா அண்ணா?" என்றார். பன்னிரண்டு வயது நிறைந்த பிறகு வரும் மார்ச் 31 வரைதான் குழந்தை அட்டை செல்லும். அன்று ஆரம்பப் பள்ளியும் முடிகிறது. மறுநாள் முதல் பெரியவர் அட்டை, முழுக் கட்டணம். எல்லாக் குழந்தைகளும் அட்டையில் அந்தத் தேதியைச் சுமந்துகொண்டுதான் கீச்சிட்டபடி போகிறார்கள்.

"அப்புறம் எனக்கும் பிப்தான்" என்றாள் குழந்தை, திரும்பிப் பார்க்காமலே. அதில் அவளுக்கு வருத்தமா பெருமையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

வண்டியின் விளக்கு வளைவில் தெரிந்தது. கம்பத்தைத் தொட்டு நடைமேடைக்கு வந்தோம். சுருமியில் மாறி, இருட்டிய பிறகு தோக்கியோ நிலையம் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாயில்களில் திரண்டிருந்தது. குழந்தை அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னே நடந்தாள். பெரியவர்களின் கோட்டுகளுக்கு நடுவே அவள் தலை மறைந்தது. அம்மா நின்ற இடத்திலேயே நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். நானும் நின்றேன். பிப், பிப், பிப், பிப். பிறகு, அந்த வரிசையின் எங்கோ ஓரிடத்தில், கீச் கீச்.

"போயிட்டா" என்று சொல்லிவிட்டு அவர் தன் அட்டையை எடுத்தார்.